கனோம் அவர்களின் அறையில் எனக்கும் ஓர் இடம்

நக்கோன் சவானில் இருக்கும் என் பாசத்துக்குரிய புன்ருவான் அக்காவுக்கு, ராட்சபுரியிலிருந்து தங்கை லம்துவன் கைகூப்பி எழுதிக்கொள்வது. புத்தம், தர்மம், சங்கம் என்னும் மும்மணிகளின் அருளால் இங்கே யாவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் பிரஷர் பரவாயில்லை. என் வீட்டுக்காரர் விச்சியனும் நலம். நீங்கள் போன மழைக்காலத்தில் குட்டியாகக் கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பிய கனோம் எங்கள் எல்லோரையும்விட மிக மிக நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் ஃபோனை எடுத்தாலே அவர் ஓடிவந்து, "பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு தங்கம்" என்று நாயின் மூஞ்சியை நடுவில் நீட்டுகிறார். அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டே அந்த மூஞ்சியைப் பற்றி எப்படிக் குறை சொல்வது?

அக்கா, போன வாரம் எங்கள் கல்யாண நாள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவருக்கு இருக்காது. கல்யாணமான புதிதில் ஹுவா ஹின் கடற்கரைக்கு மூன்றாம் வகுப்பு ரயிலில் கூட்டிப்போய், ஒரு வறுத்த கணவாய் வாங்கிக் கொடுத்து, மாலை ரயிலிலேயே திருப்பிக் கூட்டிவந்தவர் அவர். அதற்குப் பிறகு கடல் என்றால் எனக்கு மீன் சந்தைதான். அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் சாப்பிடும்போது, "ஹுவா ஹின்ல நல்ல ஓட்டலா ரூம் போட்டிருக்கேன். ரெண்டு ராத்திரி. நல்ல துணியா எடுத்து வை" என்றார். தேதியைக் கேட்டேன். எங்கள் கல்யாண நாளேதான். எழுந்துபோய் புத்தருக்கு முன்னால் மூன்று முறை விழுந்து கும்பிட்டேன். அம்மா கொடுத்த ஊதா நிறப் பட்டுக் கைலியை வெளியே எடுத்தேன். ஓட்டல் வாடகையைக்கூட கணக்கில் 'வீண்செலவு' என்று எழுதாமல் 'இதர சுபகாரியம்' என்று எழுதினேன். இப்போது அதை அடித்துவிட்டேன்.

கிளம்பும்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வண்டியில் முன் சீட்டில் ஏறப் போனேன். "பின்னாடி ஒக்காரு லம்துவன், பின்னாடி ஒக்காந்தா கனோமுக்கு வாந்தி வரும்" என்றார். "எனக்கும்தான் வரும்" என்றேன். "நீ சொல்லிட்டு எடுப்ப. அது வாயில்லாத ஜீவன்" என்றார். அந்த வாயில்லாத ஜீவன் வழிநெடுக லாரிகளைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே வந்தது. நான் பட்டுக் கைலியோடு, நாயின் சாப்பாட்டுப் பையையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஓட்டல் வாசலில் ஒரு பெண் கைகூப்பினாள். நானும் கூப்பினேன். அவள் கூப்பியது எனக்கில்லை. குனிந்து, முட்டி போட்டு, நாயின் கழுத்தில் மல்லிகை மாலையைப் போட்டு, "பிறந்தநாள் வாழ்த்துகள் கனோம்!" என்றாள். பிறந்தநாள், அக்கா! கூடையோடு நீங்கள் கொடுத்தனுப்பிய சீட்டில் எழுதியிருந்த அந்தத் தேதியை அவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். எனக்கு மாலை அணிவித்து அழைத்துவந்த அதே தேதி அவர் மூளையில் எந்த மூலையிலும் இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்க கனோமோட பாட்டிங்களாம்மா?" என்று வேறு கேட்டாள். அவரோ, "இல்லம்மா, இவங்கதான் அம்மா" என்று பெருமையாகச் சொல்கிறார். எது பரவாயில்லை என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அறைக் கதவில் 'கனோம் அவர்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்று அட்டை. அடியில் சின்னதாக 'உடன் தங்குவோர் இருவர்'. அந்த இருவரில் ஒருத்தி நான். மெத்தைமேல் துவாலையை நாய் மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். பூசணிக்காயும் கோழி ஈரலும் வைத்து ஒரு கேக் வந்தது. உப்பில்லை, சர்க்கரை இல்லை, ஆனால் மேலே பெயர் இருந்தது. என் பெயரை இதுவரை யாரும் எந்தப் பலகாரத்தின் மேலும் எழுதியதில்லை. போட்டோக்காரர் வந்து படம் எடுத்தார். என் வீட்டுக்காரரும் நாயும் கன்னத்தோடு கன்னம். ஓரத்தில் ஊதாவாக ஒன்று தெரிகிறது. அது என் முழங்கை. சாயங்காலம் குழந்தை வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் நாயை உட்காரவைத்துக் கடற்கரையோரம் தள்ளிக்கொண்டு போனார். எங்கள் மகன் பிரசோங் குழந்தையாக இருந்தபோது, "ஆம்பள தூக்கினா சந்தையில சிரிப்பாங்க" என்று ஒருநாள்கூட இடுப்பில் வைக்காத மனுஷன் இவர். எதிரே வந்தவர்களெல்லாம், "அடடா, என்ன அழகு!" என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். ராத்திரி கட்டிலில் நடுவே அது. குறட்டையும் அதுதான். அவர் குறட்டையென்றால் விலாவில் குத்தலாம். அதைக் குத்த முடியுமா?

மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும் நான் ஓசைப்படாமல் தோட்டத்துக்கு இறங்கினேன். ஓட்டல் மூலையில் நிலக்காவல் சாமியின் குட்டி வீடு தூணின்மேல் பளபளவென்று இருந்தது. பெரிய ஓட்டல் சாமி, நிறையப் பேருக்குச் செய்து பழக்கம் இருக்கும் என்று நினைத்தேன். சிவப்பு சோடாவைத் திறந்து உறிஞ்சுகுழல் போட்டு, இரண்டு வாழைப்பழத்தோடு தூணடித் திண்டில் வைத்தேன். ஊதுபத்தி கொளுத்தி முட்டி போட்டேன். பெயர், குடும்பப்பெயர், வீட்டு நம்பர், தெரு எல்லாம் தெளிவாகச் சொன்னேன். வரம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடக் கூடாதல்லவா? "சாமி, நான் பேராசைக்காரி இல்லை. அந்த நாயை அவர் வெறுக்க வேண்டாம். என்னையும் அதையும் ஒரே மாதிரி நடத்தினால் போதும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நடத்திக் கொடு, அவித்த முட்டை ஒரு பெரிய தட்டு கொண்டுவந்து வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். கணக்கு வழக்கில் நான் எப்போதும் நியாயமாகத்தான் இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மேலே வந்தால் அறைக்கதவு திறந்து கிடக்கிறது. ஓசை வராமல் போக வேண்டும் என்று நான்தான் அதைச் சரியாகச் சாத்தாமல் போயிருக்கிறேன். துவாலையோடு அவர் நடுவில் நிற்கிறார். "கனோம் எங்க?" என்றார். "என்னைக் கேட்டா?" என்றேன். அவ்வளவுதான், அதே துவாலையோடு மாடிப்படி இறங்கி ஓடினார். அக்கா, என்மேல் சத்தியமாக, அதைத் தொலைத்துவிடச் சொல்லி நான் சாமியிடம் கேட்கவேயில்லை! ஓட்டலே திரண்டது. சமையல்காரர் ஈரலைக் கரண்டியில் வைத்துக்கொண்டு தேடினார். கடைசியில் என் வீட்டுக்காரர் சாமி வீட்டுக்கு முன்னால் போய் தொப்பென்று விழுந்து, எல்லார் காதிலும் விழும்படி, "சாமி! கனோம் கிடைச்சா நான் மொட்டை போட்டு, துவராடை கட்டி, பதினஞ்சு நாள் பிக்குவா இருக்கேன்!" என்றார்.

இங்கேதான் அக்கா எனக்கு வயிறு எரிந்தது. குடல்வால் வீங்கி என்னை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்களே, அன்றைக்கு இவர் என்ன நேர்ந்துகொண்டார் தெரியுமா? ஒரு சீப்பு வாழைப்பழம். அதிலும் பாதியை ஊதுபத்தி அணைந்ததும் அவரே தின்றார். நாய்க்கென்றால் தலைமுடியையே தருகிறார்!

அவர் நேர்ந்துகொண்டு வாயை மூடுவதற்குள், சாமி வீட்டுத் தூணுக்குப் பின்னாலிருந்து கனோம் வந்தது. மீசையெல்லாம் சிவப்பு. என் சோடா. என் வாழைப்பழமும் இல்லை. எனக்குப் பின்னாலேயே இறங்கி வந்து, நான் எழுந்ததும் பிரசாதத்தில் வாய் வைத்துவிட்டது. ஆனால் அதை யாரிடம் சொல்வது? எல்லோரும் கைதட்டினார்கள். "எங்க சாமி ரொம்ப வேகம் ஐயா!" என்றாள் அந்த வரவேற்புப் பெண். "பிக்குவா ஆகறேன்னு சொன்னீங்களே, எப்போ?" என்று சமையல்காரர் கேட்டார். அப்போதுதான் இவர் தன் தலையைத் தடவிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது, "ஒரு வேகத்துல சொல்லிட்டேன். பதினஞ்ச மூணா குறைச்சுக்கலாமான்னு கேட்டுப் பாப்போமா?" என்றார். "சாமிகிட்டப் பேரமா? நெனைக்கறதே பாவம்" என்றேன். நான் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்பதை அக்காவிடம் மறைக்க முடியாது. நேரே விகாரைக்குப் போனோம். தலைமைப் பிக்கு எல்லாம் கேட்டார். "ஆடம்பரம் வேண்டாம், வியாழக்கிழமை காலை வந்துவிடு" என்றார். பிறகு இவர் மடியைப் பார்த்தார். "அது ஆணா, பெண்ணா?" "பொண்ணுங்க." "அப்போ துவராடை கட்டினபிறகு தொடக் கூடாது. மனைவியையும் தொடக் கூடாது, இதையும் தொடக் கூடாது. பெண் என்றால் பெண்தான். நாலு கால் இருந்தாலும் கணக்கு ஒன்றே" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை! கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டது ஹுவா ஹின் சாமி. ஓட்டல் ரசீதை மட்டும் நாயின் பெயரில் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே அக்கா, ஒரே ஒரு வேண்டுகோள். அவர் விகாரையில் இருக்கப்போகும் அந்தப் பதினைந்து நாளுக்குள்ளேயே உங்கள் மருமகனின் வண்டியில் வந்து கனோமைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அதன் கூடை, பாத்திரம், சிவப்புக் கழுத்துப்பட்டை எல்லாம் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறேன். அவர் வந்து கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எனக்கும் என் வீட்டில் முன் சீட்டு வேண்டும்.

நீங்களும் நானும் சேர்த்த புண்ணியம் எல்லாம் பெருகி, உங்கள் முழங்காலுக்குச் சுகமும் மருமகனுக்கு நல்ல வேலையும் கிடைக்கட்டும். அடுத்த பிறவியிலும் நாம் அக்கா தங்கையாகவே பிறக்க வேண்டும். நாய் இல்லாத வீட்டில்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
லம்துவன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. இதற்குள் அவர் பிக்குவாகி, தினமும் காலையில் பிட்சைக்கு நம் தெருவழியே வருகிறார். தலையும் புருவமும் மழித்து, வேறு யாரோ மாதிரி. முதல்நாள் சோறு போட்டேன். பிக்குகள் தரையைத்தானே பார்த்து நடக்க வேண்டும்? தரையில் கனோம் உட்கார்ந்திருந்தது. அதன் முகம் முழுவதும் அவருக்குத் தெரிந்தது. என்னில் தெரிந்தது பாதம் மட்டும். நான் அழுதே விட்டேன். ஆனால் அது எழுந்து அவர் வழியில் குறுக்கே படுத்துக்கொண்டு நகர மறுத்ததால் அவர் நிற்க வேண்டியதாயிற்று. மற்ற வாசல்களில் நிற்கிற நேரத்தைவிட நம் வாசலில் நிறைய நேரம் நின்றார். மறுநாள் நான் சோறு போட்டுவிட்டு, நாய்க்குப் பக்கத்திலேயே அதே உயரத்துக்கு முட்டி போட்டு உட்கார்ந்தேன். ஆசீர்வாதம் சொல்லும்போது இரண்டு முகத்தையும் பார்த்தார். எந்த முகத்துக்காகக் குரல் தழுதழுத்தது என்று தெரியவில்லை. அது குறுக்கே படுப்பது எனக்கு இப்போது மிகவும் தேவைப்படுகிறது. அக்கா, நீங்கள் வர வேண்டாம். மூட்டையை அவிழ்த்துவிட்டேன். முட்டை வைக்க நாளை பிரசோங்கின் வண்டியில் ஹுவா ஹின்னுக்குப் போகிறேன். கனோமும் வருகிறாள். முன் சீட்டில், என் மடியில்.