பல் டாக்டர் படுக்க வைத்த பாட்டில்

இந்த ஒரு காரியத்தையாவது மனைவிக்குத் தெரியாமல் செய்து முடிப்பது என்று பல் டாக்டர் தீர்மானித்தார். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பிழைப்பவர். வீட்டில் தன் வாயைத் திறந்து இருபது வருஷமாகிறது.

பல் கட்டிக்கொண்ட பெரியவர் ஒருவர் சந்தோஷத்தில் பழைய ஒயின் பாட்டில் ஒன்றைக் கொடுத்திருந்தார்.

"குடிச்சிடாதீங்க டாக்டர். இதைச் சேர்த்து வைக்கிறவங்க இருக்காங்க, கேட்ட விலை கொடுப்பாங்க. நல்ல தோட்டம், நல்ல வருஷம். ஆனா யார் கையில எப்படி இருந்துச்சுன்னுதான் முதல்ல கேப்பாங்க. வெளிச்சம் படாம, குளுகுளுன்னு, படுக்க வச்சே வச்சிருக்கணும். கார்க் காஞ்சா போச்சு. கழுத்துலேருந்து ஒயின் இறங்கினா விலையும் இறங்கிடும்."

வெகுநாளாக வாங்க ஆசைப்பட்ட மோட்டார் பைக் ஒன்று டாக்டர் நெஞ்சுக்குள் உறுமியது.

பாட்டிலைத் துண்டில் சுற்றி, சாமான் அறையில் பழைய பெட்டிக்குள் படுக்க வைத்தார். பாட்டில் படுத்தது. அன்றிலிருந்து அவரைப் படுத்தியது. தினமும் விளக்கைப் போடாமல் உள்ளே போய்த் தடவிப் பார்ப்பார். பத்தாம் நாள் துண்டின் முடிச்சு விரலுக்குப் புதிதாகத் தெரிந்தது.

வீட்டில் வந்து தங்கியிருந்த மச்சினனைப் பிடித்தார்.

"நாக்கை நீட்டு."

"எதுக்கு மாமா? பல்லுதானே உங்க வேலை?"

நீட்டினான். சிவப்பு.

"என்ன குடிச்சே?"

"தர்பூசணி ஜூஸ். அக்கா கொடுத்தா."

"ஊது."

ஊதினான். தர்பூசணியேதான்.

வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். "என்னங்க தேடுறீங்க அவன் வாயில?"

"சொத்தை."

"சொத்தையா, சொத்தா?"

டாக்டருக்கு அவள் நாக்கையும் பார்த்துவிட ஆசைதான். நீட்டு என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, ஒயின் சேகரிப்பவர் ஒருவரை வரச் சொன்னார். அன்று பார்த்து அவள் கிளம்பவில்லை. வந்தவருக்குக் கதவைத் திறந்ததே அவள்தான்.

"வணக்கம்மா," என்றார் வந்தவர். "இன்னொரு பாட்டில் வேற இருக்கா உங்க வீட்டுல?"

டாக்டர் காதில் 'இன்னொரு' என்ற சொல் சரியாக விழவில்லை. பாட்டிலை நீட்டினார். வந்தவர் ஜன்னலோரம் போய் லேபிளைப் படித்தார்.

"இது போன வருஷத்துச் சரக்கு சார். எந்தக் கடையிலும் கிடைக்கும். போன மாசம் அம்மா கொடுத்தாங்களே, அது பாட்டில்! வாங்கின ரசீது முதக்கொண்டு இருந்துச்சு. கழுத்து வரைக்கும் ஒயின், லேபிள்ல ஒரு கீறல் இல்ல. யாரோ கண்ணுக்குள்ள வச்சுப் பாத்திருக்காங்க."

அவர் போனதும் டாக்டர் மெல்ல உட்கார்ந்தார்.

"ரசீது ஏது?"

"பெரியவர் மறுபடி க்ளினிக் வந்தப்போ கொடுத்துட்டுப் போனார். அங்க டோக்கன் கொடுக்கிறது யாரு, நான்தானே? இப்ப வந்தாரே, அவர்கிட்ட போன மாசமே நீங்க சொல்லி வச்சிருந்தீங்களே, அவர் திருப்பிப் போன் பண்ணப்போ எடுத்ததும் நான்தான்."

"பணம்?"

"அக்காவும் நானும் கப்பல்ல பத்து நாள் போறோம். உங்களுக்கும் டிக்கெட் எடுத்திருப்பேன். ஆனா நான் கடையில வாங்கி மாத்தி வச்ச பாட்டிலுக்கே இவ்வளவு காவல் காக்கிற ஆள விட்டுட்டு, வீட்ட வேற யாரை நம்பி ஒப்படைக்கிறதுங்க?"