நினைவகம் போதாத கதவு

கை கழுவப் போன விடுதிக்காரர் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார்.

தன் விடுதி அறைகளுக்கெல்லாம் இந்தக் கருவியை வாங்கலாமா என்று பார்க்க வந்தவர் அவர். சுவரில் பதித்த தீப்பெட்டி அளவுக் கருவி. பூட்டு, விளக்கு, ஷவர், அறிவிப்புக் குரல் எல்லாவற்றையும் அதுதான் கவனித்துக்கொள்ளும். அதற்கு நிரல் எழுதிய பொறியாளர், மடியில் கணினியோடு கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" பக்கத்தில் நின்ற அவளுடைய முதலாளி பல்லைக் கடித்தார். "இந்த ஆர்டர் போச்சுன்னா நீயும் நானும் நடுத்தெருதான்!"

"ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு மெமரிதான்னு வரம்பு வெச்சிருக்கேன் சார். பூட்டு அதைத் தாண்டிடுச்சு. சிஸ்டம் அதை நிறுத்திடுச்சு."

"கூட்டிக் குடேன்!"

"சின்னக் கருவி சார். வேற எதுகிட்டயாவது புடுங்கித்தான் குடுக்கணும்."

விளக்கிடமிருந்து எடுத்துப் பூட்டுக்குக் கொடுத்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். முதலாளி ஆவலோடு தள்ளினார். கதவு அசையவில்லை. உள்ளே விளக்கு மட்டும் அணைந்தது.

"ஐயா, பயப்படாதீங்க! நான் இந்தக் கம்பெனி ஆரம்பிச்ச கதையை இங்கேருந்தே சொல்றேன்!" என்று கூவினார் முதலாளி.

"பரவாயில்லைங்க," என்றது இருட்டுக்குள்ளிருந்து விடுதிக்காரரின் குரல். "நான் இப்படியே இருந்துக்கறேன்."

'பாவம், எவ்வளவு நல்ல மனுஷன்!' என்று நினைத்துக்கொண்டாள். ஷவரிடமிருந்து பிடுங்கி விளக்குக்குப் போட்டாள். விளக்கு எரிந்தது. கவனிக்க ஆளில்லாத ஷவர் தன் பாட்டுக்குக் கொட்ட ஆரம்பித்தது. உள்ளே 'ஐயோ' என்று ஓர் அலறல்.

பதறிப்போய், அறிவிப்புக் குரலின் பங்கைக் குறைத்து ஷவரை அடக்கினாள். உடனே அந்தக் குரலுக்குக் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. "கதவு திறந்திருக்கிறது. கதவு திறந்திருக்கிறது" என்று தேனொழுக ஓயாமல் சொல்லத் தொடங்கியது.

"பொய் வேற சொல்லுது பாரு!" முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "இரு, கீழ போய்க் கடப்பாரை கொண்டு வரேன்."

அவருடைய செருப்புச் சத்தம் படிகளில் தேய்ந்து மறைந்தது. அவள் கதவருகே நகர்ந்தாள்.

"மன்னிச்சிடுங்க சார்," என்றாள் கதவிடுக்கில். "தப்பு முழுக்க என்னோடதுதான்."

உள்ளிருந்து கிசுகிசுப்பாகப் பதில் வந்தது.

"பூட்டு முதல் தடவையே திறந்துடுச்சும்மா, தாழ்ப்பாள் நான் போட்டது. ஆர்டர் பேப்பரை எடுங்க சீக்கிரம், அந்த மனுஷன் திரும்பி வந்து பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடறேன்!"