லோகநாயகிக்கு எந்த ஊர்?

"சோனோ தி பழவேற்காடு" என்று செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள் லோகநாயகி. நான் பழவேற்காட்டுக்காரி என்பதற்கு இத்தாலியன்.

இன்னும் சற்று நேரத்தில் இத்தாலியிலிருந்து ஒரு சிஸ்டர் வீடியோவில் கூப்பிடுவார். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. கிடைத்தால் மகள் வைஷ்ணவி நர்சிங் படிப்பாள். கிடைக்காவிட்டால் அம்மாவோடு சேர்ந்து நண்டுக் கூடை தூக்குவாள்.

பாயில் கிடந்த புருஷன் நீலமேகம் சிரித்தான். "இன்னாமே, திருப்பாலைவனம் தாண்டினாலே நம்ம ஊரு பேரு எவனுக்கும் தெரியாது. சென்னைனு சொல்லு."

"சோனோ தி சென்னை" என்று மாற்றிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஞானதாஸ் தலையை நீட்டினார். சும்மா இருப்பாரா மனுஷன்!

"சென்னைக்காரினா வேலை வணங்காதுனு நெனைச்சுடுவாங்கமா. வேளாங்கண்ணினு சொல்லு. மாதா ஊருனு கேட்டா சிஸ்டருங்க அப்டியே உருகிடுவாங்க."

"பாஸ்போர்ட்டுல வேற ஊரு கீதேண்ணா?"

"அத்த யாரு படிக்கப் போறாங்க!"

போன் அடித்தது. "தி தோவே?" எந்த ஊர் என்று கேட்டார் சிஸ்டர்.

"சோனோ தி வேளாங்கண்ணி."

சிஸ்டர் உருகித்தான் போனார். உருகினவர் அதோடு விட்டாரா? சமையல்கட்டைப் பார்த்து, "கஸ்தூரி!" என்று குரல் கொடுத்தார். கரண்டியும் கையுமாக ஒரு தமிழ்ப் பெண் வந்து நின்றாள்.

"நானும் வேளாங்கண்ணிதாங்க" என்றாள் விறைப்பாக. "உங்ககிட்ட பேசிப் பார்க்கச் சொல்றாங்க."

லோகநாயகி உதவிக்கு ஆள் தேடினாள். திரும்பிப் பார்த்தால், ஞானதாஸ் எப்போதோ கம்பி நீட்டியிருந்தார்.

"எந்தப் பக்கங்க நீங்க?"

"கோயிலாண்ட. ஏரிக்குப் போற வழி." அங்கே இருப்பது கடல் என்று வாயை விட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

கஸ்தூரி மறுக்கவே இல்லை. "ஆமாமா, ஏரி. பெரிய ஏரியாச்சே" என்றாள்.

படுபாவி, வேண்டுமென்றே தலையாட்டி நம்மை மாட்டிவிடப் பார்க்கிறாளே என்று லோகநாயகிக்கு வேர்த்துக் கொட்டியது.

"பின்னால படுத்திருக்கறது உங்க வீட்டுக்காரருங்களா? வேலைக்குப் போகலீங்களா?"

"இன்னிக்கு எங்க பாடு இல்ல, அதான் ஊட்டுல கீறாரு."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பழவேற்காட்டு ஏரியில் இன்றைக்கு இவன் வலை, நாளைக்கு அவன் வலை என்று ஊர் கூடி முறை வைக்கிறார்களே, அந்தப் பாடு! வேளாங்கண்ணிக்காரி வாயில் அது எப்படி வரும்? போச்சு, வைஷ்ணவி படிப்பு போச்சு! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கஸ்தூரி கண் கொட்டாமல் பார்த்தாள். அப்புறம் சிஸ்டரிடம் இத்தாலியனில் மளமளவென்று ஏதோ சொன்னாள். சிஸ்டர், "பிராவா! பிராவா!" என்று கை தட்டிவிட்டு, போனை அவளிடமே கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

கஸ்தூரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு முகத்தைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"வேலை கெட்ச்சுட்ச்சு, சீக்கிரம் வந்து சேருக்கா. நெசமாவே வேளாங்கண்ணிக்காரி எவளோ வந்துட்டா, இன்னியோட மாட்னோம்னு எனக்கு உயிரே பூட்ச்சு, நானும் உங்க ஏரிக்கரைதான், சுண்ணாம்புக்குளம்க்கா!"