அத்தானுக்குப் போன நன்றி அட்டை

முத்தையாபுரம்,
தூத்துக்குடி.
3-10-1975

மரியாதைக்குரிய அத்தான் சிவனணைந்தபெருமாள் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் இசக்கியப்பன் பணிவுடன் எழுதுவது. இவ்விடம் நானும் சண்முகவடிவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அவ்விடம் தாங்களும் என் அக்கா பேச்சித்தாயும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பத்தொன்பது நாளாகப் பேசுவதில்லை என்று, தங்கள் அடுத்த வீட்டுச் செல்லக்கனி இங்கே மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் சொல்லிவிட்டுப் போனாள். நான் அனுப்பிய அட்டையைத் தாங்கள் வாசித்துச் சட்டைப்பையில் வைத்ததோடு பேச்சு நின்றதாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அட்டை அனுப்பும் யோசனை என் மருமகனுடையது. ஆவணியில் மகள் பகவதி கல்யாணம் முடிந்து மெட்ராசுக்குப் புறப்படும்போது அவர், "மாமா, பரிசு குடுத்தவங்களுக்கெல்லாம் அச்சடிச்ச அட்டையில நன்றி அனுப்பணும். எங்க ஆபீசுல எல்லாரும் அப்படித்தான்" என்றார். கப்பல் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் தபால் அனுப்பும் செக்‌ஷனில் இருந்து, ஒரு கவர்கூட விலாசம் மாறாமல் ரிட்டயர் ஆனவன் நான். அதற்குப் பிறகு பேப்பர் போடுகிறவனைத் தவிர ஒருவரும் என்னைத் தேடி வந்ததில்லை. ஒரு வேலை வந்ததே என்று விழுந்தடித்து ஒத்துக்கொண்டேன். வடிவு அப்பவே சொன்னா, "வழியில தாகத்துக்குத் தண்ணி குடுத்தவனுக்கு நன்றி சொல்லலாம். கூடப்பொறந்தவங்களுக்கு யாராவது சொல்லுவாவளா? வெறுத்துறப் போறாவ"ன்னு. உனக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது, சும்மா கெடன்னுட்டேன். பர்னபாஸ் அச்சகத்துல நூத்தம்பது அட்டை அடிச்சேன். 'தாங்கள் அன்புடன் அளித்த ........ கிடைக்கப்பெற்றோம். மிக்க நன்றி.' நடுவுல புள்ளி வச்ச இடத்துல அவங்கவங்க குடுத்த பொருளை நான் கையால எழுதணும்.

எழுதி, மை காயட்டும்னு தரையில வரிசையாப் பரப்பி, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் அதுக்குரிய கவரை வச்சிருந்தேன் அத்தான். வடிவு புறவாசக் கதவைத் திறந்தா பாருங்க, மேக்கேருந்து கச்சான் காத்து ஒரே அடி. பாதி முருங்க மரத்துல, பாதி பக்கத்து வீட்டுல கருவாடு காயிற பாயில. பொறுக்கிக் கொண்டாந்து, மூக்குக்கண்ணாடியைத் தேட நேரமில்லாம, கைக்கு வந்த அட்டையைக் கைக்கு வந்த கவர்ல போட்டு அனுப்பிட்டேன். மாப்பிள்ளையூரணி மாடக்கண்ணு மாமா மூணாம் நாளே அட்டையும் கையுமா வந்து நிக்காவ. "ஏலே, நான் குடுத்தது சுவர்க்கடிகாரம்லா? பிளாஸ்டிக் வாளின்னு போட்டிருக்கியே. தபால்காரன் அதைச் சம்பந்தி முன்னால சத்தமா வாசிச்சுட்டாம்லே!"ன்னு சொல்லி, வச்ச காப்பியைத் தொடாமப் போயிட்டாவ. நெசமாவே வாளி குடுத்த ஜேசுபாதத்துக்குக் குத்துவிளக்குன்னு அட்டை போயிருக்கு. அவன் அதைச் சட்டம் போட்டுக் கடையில மாட்டிட்டு, தன் மக கல்யாணத்துக்கு நான் விளக்குக்குக் கொறையாமச் செய்யணும்னு சொல்லுதான்.

அப்படித்தான் அத்தான், உங்க அட்டையில 'தங்க வளையல் இரண்டு'ன்னு வந்துட்டுது. அது மாப்பிள்ளையோட பெரியம்மா போட்ட வளையல். உங்களுக்கு வரவேண்டியது 'எவர்சில்வர் அண்டா'. அதை வாசிச்சு, அக்காதான் தன் வளையலைக் குடுத்துட்டான்னு நெனச்சிருப்பீங்க. அக்கா வளையல் திருச்செந்தூர்ல குளிக்கையில அலையில கழண்டு போனதுதான் நெசம். நீங்க ரெண்டு ஆள் வச்சு மூணு நாளா கடற்கரை மணலை அரிச்சுத் தேடினதும் எனக்குத் தெரியும். அவளைச் சந்தேகப்படாதீங்க. கோவத்தை என் மேல காட்டுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க, அவ தாங்கமாட்டா.

செந்திலாண்டவன் தங்கள் இருவரையும் ஒரு வாய்ச் சோற்றைப் பகிர்ந்துண்ணும்படி வைத்திருக்கட்டும். வடிவு தங்களுக்கும் அக்காவுக்கும் கும்பிடு சொல்லுகிறாள்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
இசக்கியப்பன்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில உங்க போஸ்ட் கார்டு வந்துது அத்தான். வாசல்ல நின்னே வாசிச்சேன். "பேச்சி தன் வளையலைக் கழட்டி உன் மகளுக்குப் போட்டதை மண்டபத்து அடுக்களை வாசல்ல நின்னு நானே பாத்தேன். எங்கிட்ட சொல்லப் பயந்து, கடல் கொண்டுபோச்சுன்னா. அவ சொல்லைப் பொய்யாக்க மனசு வராமத்தான் ஆள் வச்சுத் தேடினேன். வளையல் போனதுல எனக்கு வருத்தமில்ல. எனக்குப் போயி மிக்க நன்றின்னு அச்சடிச்சு அனுப்பிட்டியே, அப்ப நான் யாருலே உனக்கு? இதை அவகிட்ட கேக்க வாயெடுத்தா வளையல் கதையும் வெளிய வந்துரும். அதான் பேசாமக் கெடக்கேன்"னு எழுதியிருக்கீங்க.

காத்து அடிச்சது நெசம் அத்தான். உங்க அட்டை மட்டும் பறக்கல, நான் அறிஞ்சு எழுதினபடியேதான் வந்துது. வளையல் செய்யக் குடுத்த ஆசாரி கடைசி நேரத்துல கைய விரிச்சு, பகவதி வெறுங்கையா நின்னப்ப அக்காதான் கழட்டிப் போட்டா. யாருக்கும் தெரிய வேண்டாம்னு சொன்னா. அந்த யாருக்கும்ல நீங்களும் சேத்தின்னு எனக்கு ஓடல. நீங்க கேட்ட கேள்விக்கு நேர்லதான் வரணும். இதைத் தபால்ல போடாம, நாளைக்கு மொத பஸ்ஸுல நானும் வடிவும் கையில கொண்டுவாரோம். வாசல்ல நிக்கோம், கூப்பிட்டா உள்ள வாரோம். அக்கா அங்கன இங்கன போன நேரம் பாத்து வாசிங்க. அவ முன்னால மட்டும், வளையலைக் கடலே கொண்டுபோனதா இருக்கட்டும்.