ஐந்து கிலோ படம்

"இந்த வீட்டில இனிமே அழுகப் படம் ஓடாது!"

மண்டோர் சன்னாசி இப்படி அறிவித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறி முடித்த கையோடு. ஜெராமுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குபவர் அவர்; அறிவித்தால் அறிவித்ததுதான். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால், அடுத்த நிமிஷம் மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். மாமியார் செத்துவிட்டாள் என்று லீவு கேட்டவனிடம், "போன வருசமும் செத்தாங்களே?" என்று கேட்டு வேலைக்குத் துரத்தியவர். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த சனங்கள் அவருக்கு வைத்த பெயர் கருங்கல். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவர் பேச்சு எடுபடாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய சொந்த வீடு.

"ஏங்க, அழுகப் படம் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள் சின்னத்தாய், கோப்பையைக் கழுவிக்கொண்டே.

"கங்காவுக்குப் பரீட்ச வருது லா. புள்ள படிக்கணும்."

"சண்டப் படம் பாத்தா மட்டும் பாஸாயிடுவாளா?"

"சினிமாவே பொய்யி. பொய்யப் பாத்து அழுவுறவன் மடையன். ஊருல உள்ள மடையனுக்கெல்லாம் நம்ம வீட்டுல பாய் விரிக்கணுமா?"

"சரிங்க."

சின்னத்தாய் இவ்வளவு சுலபமாகச் 'சரிங்க' சொன்னால் சன்னாசிக்குச் சந்தேகம் வரும். பதினாறு வருஷத்துக் குடித்தனம் கற்றுக் கொடுத்த பாடம்.

விஷயம் இதுதான்: கருங்கல் அழும். சாதாரணமாக அழாது. மூக்கு உறிஞ்சி, தோள் குலுங்கி, தாடை நடுங்கி அழும்.

தோட்டத்துக்குக் கரண்டு வந்த மறு வருஷம், எண்பத்து நாலில், சன்னாசி டெலிவிஷனும் வீடியோ டெக்கும் வாங்கினார். அந்த வரிசை லயத்தில் அது அவர் வீட்டில் மட்டும்தான். ஞாயிறு காலை, படக் கேசட் வாடகைக்கு விடும் பாலன் கோலசிலாங்கூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பை நிறையக் கேசட்டோடு வருவான். சின்னத்தாய் ஒன்றை எடுப்பாள். மத்தியானம் இரண்டு மணிக்கு எட்டு வீட்டுச் சனமும் வந்து உட்கார்ந்துவிடும். மண்டோருக்கு நாற்காலி. பக்கத்தில் டிராக்டர் ஓட்டும் ஐயாவு, ஒரு முக்காலியில்.

சண்டைப் படமென்றால் கவலை இல்லை. கதாநாயகன் குத்தினால் சன்னாசியின் கையும் தானாகக் குத்தும். அந்த வகையில் ஐயாவுவின் விலா பலமுறை அடி வாங்கியிருக்கிறது. அழுகைப் படத்தில்தான் ஆபத்து. கண் ததும்பிக்கொண்டு வரும். அதை மறைக்க அவர் கண்டுபிடித்த முதல் வழி, உரக்க அபிப்பிராயம் சொல்வது.

"இவன் எஸ்டேட் மொதலாளியாம்! ஒரு நாளாச்சும் தோட்டத்துக்குள்ள எறங்குனானா? வெள்ளச் சட்ட, வெள்ளச் செருப்பு!"

"டாக்டரு கண்ணாடியக் கழட்டிட்டாரு. ஆளு போச்சு லா."

"காய்ச்சக்காரி எதுக்கு மழையில ஓடுறா? வீட்டுல ஒரு கொட கூடவா இல்ல?"

அபிப்பிராயம் தீர்ந்துவிடும். படம் தீராது. அப்புறம் எழுந்து குளியலறைக்கு ஓடி முகம் கழுவி வருவார். போன வாரப் படத்தில் ஐந்து தடவை ஓடினார். ஐயாவு நல்ல மனுஷன், கவலைப்பட்டுவிட்டான். "மண்டோருக்கு இனிப்பு நீரு போல" என்று நாலு பேரிடம் சொன்னான். திங்கட்கிழமை தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், மூத்திரம் பிடித்துச் சோதிக்க ஒரு சின்னப் போத்தலோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். எட்டு வீட்டிலிருந்தும் பாகற்காய் வந்தது. வாரம் முழுக்கச் சன்னாசி பாகற்காய் தின்றார். அதன் பிறகுதான் மேற்படி அறிவிப்பு.

சொன்னபடியே அன்று சின்னத்தாய் சண்டைப் படம் எடுத்தாள். சன்னாசி நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் கதாநாயகனுடைய நாய் செத்துவிட்டது.

வில்லனின் தோட்டா கதாநாயகனைத் தேடி வருகிறது, நாய் குறுக்கே பாய்கிறது, வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடுகிறது. சன்னாசி சமையற்கட்டுக்குள் பாய்ந்தார். மேசைமேல் ஒரு தட்டு நிறையச் சின்ன வெங்காயம், பாதி உரித்தபடி கிடந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் குடிக்க வந்த ஐயாவு வாசற்படியில் நின்றான்.

"என்ன மண்டோரே, கண்ணு இப்படிச் செவந்திருக்கு?"

சன்னாசி கைக்கு அகப்பட்ட வெங்காயத்தைத் தூக்கிக் காட்டினார். "வெங்காயம் லா! வீட்டுல ஒத்தாசையா இருக்க வேணாமா?"

ஐயாவு நம்பினான். சன்னாசிக்கு மூளையில் கரண்டு வந்தது. காலையிலேயே வெங்காயம் உரித்துவிடும் சின்னத்தாய், அன்று மூன்றரை மணிக்குத் தட்டை எதற்கு அங்கே வைத்திருந்தாள் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவரே பேச்சை எடுத்தார்.

"இந்தா தாயி, இனிமே படம் பாக்குறப்ப வெங்காயத்த நான் உரிக்கிறேன்."

"ஐயய்யோ! ஆம்பள நீங்க. நாலு பேரு பாத்தா என்னயத்தான் ஏசுவாங்க."

"எவன் ஏசுவான்? நான் சொல்றேன், குடு."

"வேணாங்க. மண்டோருன்னு ஒரு மரியாத இருக்கு."

"குடுன்னா குடு!"

பெண்டாட்டியை அதட்டி ஒரு காரியம் சாதித்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தட்டை நீட்டினாள். வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று தொடங்கியது சன்னாசியின் பொற்காலம். மடியில் வெங்காயத் தட்டு, கையில் கத்தி, கன்னத்தில் ஆறு. அழுகைப் படத்துக்கு இருந்த தடையும் பேச்சில்லாமல் நீங்கியது. தாய் மகனைத் தொலைத்தால் அழுதார். மகன் தாயைக் கண்டுபிடித்தால் இன்னும் அதிகமாக அழுதார். கல்யாணம் நின்றாலும் அழுகை, நடந்தாலும் அழுகை. இத்தனை வருஷமாக நெஞ்சில் கட்டிக் கிடந்ததெல்லாம் இறங்கிப் போன மாதிரி இருந்தது. ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. நடு நடுவே, "வெங்காயம் ரொம்பக் காரம் லா" என்று சொல்லிக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு கிலோ இருந்த வெங்காயம் ஒரு மாதத்தில் இரண்டானது, பிறகு மூன்றானது. மூன்று பேர் உள்ள வீட்டில் இவ்வளவு வெங்காயத்தை யார் தின்கிறார்கள் என்று அவருக்கும் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் அளவைக் குறைத்துவிடுவாளோ என்று பயம். படம் முடிந்ததும் பெண்கள் எல்லாரும் ஏன் பின்வாசல் வழியாகப் போகிறார்கள், போகும்போது ஏன் முந்தானைக்குள் ஒரு கிண்ணம் இருக்கிறது என்பதையும் பார்த்தார். பொம்பளைகள் பேசிக்கொள்ள ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

இப்படி இருக்கையில்தான் அந்தப் படம் வந்தது.

அக்கா இட்லி விற்றுத் தம்பியைப் படிக்க வைக்கிறாள். அடுப்புப் புகையில் அவளுக்குக் கண் போய்விடுகிறது. தம்பி கலெக்டராகி, யாரென்று தெரியாமல் அவள் இட்லிக் கடையையே இடிக்க வருகிறான். இடைவேளைக்கு முன்பே சன்னாசி இரண்டு கிலோ உரித்து முடித்துவிட்டார். கலெக்டர் ஜீப்பில் ஏறியபோது கை தட்டைத் தடவியது. தட்டு காலி.

"தாயி! வெங்காயம்!"

"தீந்துபோச்சுங்க." சின்னத்தாயின் குரலில் முதல் தடவையாக ஒரு பதற்றம்.

"ஒரு கையளவாச்சும் பாரு லா!"

திரையில் ஜீப் நின்றது. குருட்டு அக்கா, வந்திருப்பது யாரென்று தெரியாமல், "வெயில்ல வந்திருக்கியே, சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள். சின்னத்தாய் ஓடி வந்து கணவன் மடியில் எதையோ கொட்டினாள். கலெக்டர் இட்லியை வாயில் வைத்தான். மெல்லுவது நின்றது. அவன் உதடு துடித்தது. சன்னாசி உடைந்து போனார். மூக்கு உறிஞ்சுகிற சத்தம் அடுத்த லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஐயாவு குனிந்து அவர் மடியைப் பார்த்தான்.

"மண்டோரே... பூண்டு உரிச்சாக் கண்ணு எரியுமா?"

முப்பது தலைகள் திரும்பின. சன்னாசி கையில் ஒரு பல் பூண்டு. கன்னத்தில் வழியும் தண்ணீர். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். நாளைப் பெரட்டில் எவன் பயப்படுவான்? அதட்டினால் சிரிப்பார்கள். எவனாவது ஒருவன் கைக்குட்டையை நீட்டுவான். இருபது வருஷ மண்டோர் உத்தியோகம் ஒரு பூண்டில் போயிற்று.

"நீங்க சும்மா இருங்க," என்று புருஷனை அதட்டினாள் ஐயாவுவின் மனைவி காளியம்மா. "மனுசன் அழுவட்டும். மொத வாரத்துலேருந்து அழுவுறாரு, இப்ப என்ன புதுசாக் கேள்வி?"

"உனக்குத் தெரியுமா?" என்றார் சன்னாசி, ஈனசுரத்தில்.

"தெரியாம என்ன, மண்டோரண்ணே? நாங்க படத்தவா பாக்குறோம்? உங்களத்தான் பாக்குறோம். நீங்க வாயால சொல்ற அபிப்பிராயத்த எவ கேட்டா? நீங்க அழுதா நல்ல படம். அழலன்னாக் குப்ப. திரும்பிப் பாருங்க, கடசி சீன் போவுது!"

எல்லாரும் திரும்பிக்கொண்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். ஐயாவுவும்தான்.

மறுநாள் பெரட்டுக்குச் சன்னாசி தயங்கித் தயங்கிப் போனார். ஐயாவு ஐந்து நிமிஷம் பிந்தி வந்தான். சன்னாசி சும்மா பார்த்தார். ஐயாவு வெலவெலத்துப் போய், "நாளைக்கு வர்றேங்க" என்று தானாகவே வீட்டுக்குத் திரும்பி நடந்தான். சன்னாசிக்கு அவனைக் கூப்பிட்டுக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. உத்தியோகம் பிழைத்தது. அழுகையும் பிழைத்தது. இனி எதையும் ஒளிக்க வேண்டாம். அந்த வாரம் முழுக்க அவர் சீட்டியடித்துக்கொண்டு நடந்ததைத் தோட்டமே பார்த்தது.

ஞாயிறு காலை பாலன் வந்தபோது சின்னத்தாய் கடைக்குப் போயிருந்தாள். வாசலில் சன்னாசி.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க," என்றான் பாலன், இறங்கியதும் இறங்காததுமாக. "போன வாரம் தப்பு என்னோடது. மூணு கிலோன்னு சொல்லிக் குடுத்துட்டேன். அது அஞ்சு கிலோ படம்."

"என்னது கிலோ?"

"வெங்காயம்ணே. ஒரு படத்துக்கு நீங்க எத்தன கிலோ உரிப்பீங்கன்னு கணக்கு. அக்கா சொல்லலியா?" பாலன் பையைத் திறந்தான். ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் பென்சிலில் எழுதியிருந்தது: ஒரு கிலோ, இரண்டு கிலோ, இரண்டரை. "எட்டு வீட்டு வெங்காயத்துக்கு வாரம் மூணு கிலோ. அக்கா சொல்றதுக்குத் தக்கபடி எடுத்தாருவேன். கோயில் திருவிழா அன்னிக்கு நாலு கிலோ படம் குடுத்தேனே, ரெட்டப் புள்ள கத, ஞாபகம் இருக்கா? இப்ப ஜெராம்லயும் எல்லாரும் கிலோவுலதான்ணே படம் கேக்குறாங்க. நம்பிக் கேக்கலாம், மண்டோர் கிலோ தப்பாதுன்னு ஒரு பேரு!"

சன்னாசிக்கு எட்டுக் கிண்ணமும் எட்டு முந்தானையும் வரிசையாகக் கண்ணுக்குள் வந்து போயின. ரத்தம் தலைக்கேறியது. உடனே ஒரு யோசனையும் தோன்றியது. ரகசியம்தான் போயிற்றே, இனி வெங்காயம் எதற்கு? அழுகைப் படம்தான் எதற்கு?

"சண்டப் படம் இருக்கா? ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கக் கூடாது. நாய் இருக்கக் கூடாது."

பாலன் பைக்குள் தேடவே இல்லை. மேலாக இருந்ததை எடுத்து நீட்டினான். "இந்தாங்கண்ணே. பூரா அடிதான்."

சின்னத்தாய் திரும்பி வந்ததும் சன்னாசி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் வெங்காயத்தத் தொட மாட்டேன்."

"சரிங்க."

"இன்னிக்குச் சண்டப் படம்."

"சரிங்க."

இரண்டு 'சரிங்க'. சந்தேகம் லேசாக எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஜெயித்த சந்தோஷத்தில் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. குளித்து, வேட்டி மாற்றி, இரண்டு மணிக்குக் கூடத்துக்கு வந்தார். எட்டு வீடும் வந்து உட்கார்ந்திருந்தது. அவருடைய நாற்காலியைக் காணோம். அது இருந்த இடத்தில், நன்றாகக் கழுவின உரல் ஒன்று நின்றது. சுவரில் உலக்கை. பக்கத்தில் எட்டுக் கிண்ணம் நிறைய ஊறவைத்து வடித்த பச்சரிசி.

"தீவாளிக்குப் பத்து நாள்தான் இருக்கு," என்றாள் சின்னத்தாய். "சண்டப் படம்னா உங்க கை சும்மா இருக்காது. ஐயாவு அண்ணன் விலாவும் பாவம்தானே?"

ஐயாவு முக்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டான். கங்கா டெக்கின் பொத்தானை அழுத்தினாள்.

அன்றைக்குக் கதாநாயகன் பதினேழு பேரை அடித்துப் போட்டான். மண்டோர் சன்னாசி எட்டு வீட்டு முறுக்குக்கு மாவு இடித்து முடித்தார்.