மூஞ்சூறுக்கு ஓசி சீட்

சத்தியம்! கற்பூரம் அடித்தே சொல்லியிருப்பேன். கதை கேஸ் பங்கில் நடக்கிறது, நெருப்பு ஆகாது. வெறுங்கையில் அடிக்கிறேன், ஒரு எழுத்து பொய்யில்லை.

ஒரு காட்டில் தணிகாசலம் என்ற நரி சி.என்.ஜி ஷேர் ஆட்டோ ஓட்டியது. அதில் பன்னீர் என்ற மூஞ்சூறுக்கு மட்டும் தினமும் ஓசிப் பயணம். சிலிண்டருக்கு மேலே, பின்சீட்டில். நரியின் பெருந்தன்மையை நினைத்துப் பன்னீர் உருகாத நாளில்லை. ஒரே குறை, ஏறுகிறவை எல்லாம் மூக்கைப் பொத்தும்.

"என்னண்ணே இந்த நாத்தம்?" என்று முயல் கேட்கும்.

நரி கண்ணாடி வழியாகப் பன்னீரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடும். அவ்வளவுதான்.

"ஏய்யா, குளிக்கவே மாட்டியா?" என்று முயல் பன்னீர் மேல் பாயும்.

பன்னீர் மூன்று வேளையும் குளித்துப் பார்த்தது. தோல் உரிந்தது, போன மானம் திரும்பவில்லை.

ஒருநாள் கேஸ் போட வரிசையில் நின்றன. பங்கில் கரடி வைத்ததுதான் சட்டம். "இன்ஜினை நிறுத்து! செல்லை அணை! சவாரி எல்லாம் கீழே இறங்கு!"

எல்லாம் இறங்கிப் புங்கமரத்தடிக்குப் போயின. காலி ஆட்டோவை நெருங்கிய கரடி மூக்கைச் சுளித்தது.

"அது எங்க மூஞ்சூறு வாசனைங்க," என்றது நரி, அவசரமாக.

"மூஞ்சூறு அங்கல்ல நிக்குது?"

மரத்தடியில் பன்னீரின் காது நிமிர்ந்தது. "ஐயா! சோப்புத்தண்ணி தடவிப் பாருங்கய்யா!" என்று கத்தியது. அத்தனை நாள் அவமானமும் அந்தக் குரலில் இருந்தது.

கரடி வால்வில் தடவியது. கேஸ் கசிந்து கொப்புளம் கொப்புளமாக நுரை. சிலிண்டர் தகட்டைத் துடைத்துப் பார்த்தால், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய சோதனையின் கெடு முடிந்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது.

"குண்டை நீ வெச்சுக்கிட்டு, பழியை அந்தப் பொடியன் மேல போட்டியா? சரிபண்ணிட்டு வா. அதுவரைக்கும் ஒரு மூச்சு கேஸ் கிடையாது!"

நரி புது வால்வு போட்டது. சிலிண்டரைச் சோதித்துப் புதுத் தகடும் அடித்தது. மறுவாரம் பன்னீர் மாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்தது. முயல் மன்னிப்புக்கூடக் கேட்டது.

நூறு அடி போகவில்லை, அதே முயல் அலறியது: "அண்ணே, நிறுத்துங்க! கேஸ் கசியுது!"

நரி இறங்கிச் சோப்புத்தண்ணி தடவியது. ஒரு குமிழிகூட இல்லை. எல்லாம் மெல்லப் பன்னீர் பக்கம் திரும்பின.

"இறங்குப்பா பன்னீரு," என்றது நரி. "இந்தக் கசிவுக்கு ஒர்க்‌ஷாப் கிடையாது."

நீதி: அடுத்தவன் கசிவை அடைக்கும் முன், உன் நாற்றத்தை அதுதான் மறைக்கிறதா என்று பார்த்துக்கொள்.

சொன்னது யாரென்று மட்டும் நரியிடம் மூச்சு விடாதீர்கள். அந்தப் பின்சீட்டில் இப்போது நான்தான் ஓசியில் போகிறேன்.