ரைட் ஹேண்டின் விடுப்புக் கடிதம்

தன் வலது கையை அவ்வளவு மரியாதையாக நடத்திய இன்னொரு மனிதனைப் பெங்களூர் பார்த்ததில்லை. இனி பார்க்கப்போவதும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ரைட் ஹேண்ட் என்றே பெயர். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்தது.

விவேக் நகர்க்காரர். டேபிள் டென்னிஸ் ஆடுவதற்காகவே விளையாட்டு ஒதுக்கீட்டில் எங்கள் பொதுத்துறை அலுவலகம் அவரை வேலைக்கு எடுத்தது. காலையில் வருகைப் பதிவேட்டில் இடது கையால் கையெழுத்துப் போடுவார். செத்த எறும்பு ஒன்று அங்கே கிடப்பது போல இருக்கும். அதோடு மாடியில் டேபிள் போட்டிருந்த அறைக்குப் போய்விடுவார். டீ கிளாஸ் இடது கையில், பிசிபேளாபாத் ஸ்பூன் இடது கையில், பஸ்ஸில் கம்பி இடது கையில். டிசம்பர் குளிரில் வலது கைக்கு மட்டும் கம்பளி உறை.

"ஜோடியில இன்னொண்ணு எங்க?" என்று கேட்டேன்.

"மச்சானுக்குக் குடுத்துட்டேன் குரு. அவன் லெஃப்ட் ஹேண்ட் பௌலர்."

புது மேனேஜர் வந்த அன்று எல்லாரிடமும் கைகுலுக்கிக்கொண்டே இவரிடமும் கையை நீட்டினார். "தப்பா நினைக்காதீங்க சார், அடுத்த வாரம் நேஷனல்ஸ் இருக்குது" என்று சொல்லி இவர் தலையை மட்டும் ஆட்டினார். நீட்டிய கையால் மேனேஜர் தன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கல்யாணத்தன்று, வலது கைகளைச் சேர்த்துப் பிடிக்கும்படி ஃபாதர் சொன்னபோது, மணப்பெண்ணிடம் "மெதுவா புடி" என்று சொன்னவர் அவர். முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

நாங்கள் சிரித்தோம். ஆடச் சம்பளம் வாங்குகிறான் என்று முதுகுக்குப் பின்னால் பேசினோம். தினமும் ஆறு மணி நேரம் அவர் சட்டை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஆடியதை யாரும் மாடியேறிப் போய்ப் பார்க்கவில்லை.

முப்பதாவது வயதில் அவருக்கு இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. திங்கட்கிழமை வடக்கே போய்ச் சேர வேண்டும். அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். விடுப்புப் பிரிவில் நான்தான் கிளார்க். செவ்வாய்க்கிழமை விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"குரு, இது ஸ்வல்ப சீக்கிரம் ஆவணும்."

"மேனேஜர் டூர்ல இருக்காரு. வந்ததும் வெக்கிறேன்" என்றேன்.

மேனேஜர் டூரில் இருந்தது உண்மை. துணை மேனேஜர் பக்கத்து அறையில்தான் இருந்தார் என்பதும், அவர் கையெழுத்தே போதும் என்பதும் உண்மை. அரையாண்டுக் கணக்கு முடிக்கிற வாரம். நான் கழுத்தளவு வேலையில் கிடக்கிறேன், இவன் பந்து தட்டப் போகிறான் என்று எனக்கு ஒரு எரிச்சல். காகிதத்தை டிராயரில் போட்டேன். புதன், வியாழன், வெள்ளி என்று தினமும் வந்து கேட்டார். தினமும் அதே பதிலைச் சொன்னேன்.

திங்கட்கிழமை கையெழுத்தானது. புதன்கிழமை போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஒதுக்கியிருந்த கட்டிலில் அதற்குள் வேறொருவன் பெட்டியைத் திறந்து துணி மடித்துக்கொண்டிருந்தானாம். இனி இடமில்லை என்றார்கள். அடுத்த ரயிலில் திரும்பினார்.

வந்த அன்று பதிவேட்டைத் திறந்து வலது கையால் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. அத்தனை வருடம் கழித்து அன்றுதான் அவர் முழுப்பெயரை எங்களால் படிக்க முடிந்தது.

"இன்னா வேலை குடுக்கிறீங்க சார்?" என்று கேட்டார். தபால் பிரிவில் உட்காரவைத்தார்கள். கவர் ஒட்டினார், முத்திரை குத்தினார். மாடி அறையில் பழைய கம்ப்யூட்டர்களை அடுக்கினோம். அதற்குப் பிறகு அவரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க எங்களுக்கு ஒரு கதையும் கிடைக்கவில்லை.

போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கினார். பிரிவு விருந்தில் பிரியாணி அண்டாவை வைக்க மேஜை போதவில்லை என்று அந்த டேபிளையே மாடியிலிருந்து இறக்கினார்கள். அப்போதிருந்த மேனேஜர் பொன்னாடை போர்த்தி, "நம்ம ஆபீஸின் கேரம் சாம்பியன்" என்று பேசினார். யாரும் திருத்தவில்லை. நானும்தான். ரைட் ஹேண்ட் எழுந்து நன்றி சொன்னார். அண்டாவை நகர்த்தி, கர்ச்சீப்பால் எண்ணெய்க் கறையைத் துடைத்தார். சாப்பிடாமல் போனார்.

இப்போது ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பயிற்சி கொடுக்கிறார். ஞாயிறு காலையில் மெட்ரோ பிடித்து நானும் அவரோடு ஆடப் போகிறேன். முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"அந்த லெட்டரு என் டிராயர்லதான் இருந்துச்சு."

"தெரியும் குரு. நீ பேனா எடுக்கத் தொறக்கறப்பெல்லாம் மேலயே தெரிஞ்சுது" என்றார். "சர்வீஸ் போடு."

பதினொரு புள்ளி ஆட்டத்தில் பத்துக்குப் பூஜ்யம் வந்தால் எதிராளிக்கு ஒரு புள்ளி விட்டுக்கொடுப்பது ஆட்டக்காரர்களிடையே ஒரு மரியாதை. அன்று பத்துக்குப் பூஜ்யத்தில் அவர் சர்வீஸ் நேராக வலையில் போய் விழுந்தது. வாராவாரம் விழுகிறது. அந்த ஒரு புள்ளிக்கு எனக்குத் தகுதியில்லை. அதை வாங்கிக்கொள்ளத்தான் அவ்வளவு தூரம் போகிறேன்.